பொம்மையில் எது நிஜமாக இருக்க வேண்டும்?

குழந்தையின் தலை வெளியே வந்துவிட்டது. அடுத்த வலியில் உடலும் வழுக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும்; வரவில்லை. முன்பக்கத் தோள் தாயின் இடுப்பெலும்புக்குப் பின்னால் முட்டிக்கொண்டு நிற்கிறது. ஷோல்டர் டிஸ்டோசியா என்பார்கள் மருத்துவர்கள். தொப்புள்கொடி நசுங்கலாம். குழந்தையின் மார்பு இறுக்கத்தில் சிக்கியிருப்பதால் அதனால் மூச்செடுக்க முடியாது. ஐந்து நிமிடத்துக்குள் எடுத்துவிட்டால் பெரும்பாலும் மூளைக்குப் பாதிப்பு வராது. ஆனால் பதற்றத்தில் தலையைப் பிடித்து இழுத்தால், கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புக் கொத்து சேதமாகி, அந்தக் கை வாழ்நாள் முழுவதும் சரியாகத் தூக்க முடியாத கையாகிவிடக்கூடும்.

நூறு சுகப்பிரசவங்களுக்கு ஒன்று என்ற அளவுக்குக்கூட இது நேர்வதில்லை. ஓர் இளம் மருத்துவர் தன் பயிற்சிக் காலம் முழுவதையும் பிரசவ வார்டிலேயே கழித்தாலும் விரல்விட்டு எண்ணக்கூடிய தடவைதான் பார்த்திருப்பார், பார்க்காமலேயேகூடப் போகலாம். பார்க்கிற அன்றைக்கும் அவர் ஒதுங்கி நிற்க வேண்டியிருக்கும். மூத்தவர் கையை நகர்த்திக்கொண்டே "இங்கே பார், இப்படித் திருப்பு" என்று பாடம் நடத்த அப்போது நேரம் இருக்காது.

பக்கத்தில் நின்று பார்த்து, பிறகு தானே செய்து, பிறகு அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுத்து என்றுதான் மருத்துவம் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்திருக்கிறது. அடிக்கடி வருகிற பிரச்சினைகளுக்கு அந்த முறை போதும். அரிதாகவும் அவசரமாகவும் வருகிறவற்றுக்கு அது உதவாது. முதல் தவறை யார் உடம்பில் செய்து கற்றுக்கொள்வது என்ற கேள்வி அங்கே வந்து நிற்கிறது. அதற்கு மனிதர்கள் கண்ட விடைதான் சிமுலேஷன்: நிஜத்தைப் போன்ற ஒரு சூழலை உருவாக்கி, அதில் செய்து பார்த்து, தப்புப் பண்ணி, மறுபடி செய்து பார்ப்பது.

விடை பழையது. சுசுருத சம்ஹிதை அறுவைச் சிகிச்சை கற்கும் மாணவருக்கு ஒரு பயிற்சிப் பட்டியலே தருகிறது. கீறிப் பழகப் பூசணி, தர்பூசணி, வெள்ளரி. இரத்தக்குழாயில் குத்திப் பழகத் தாமரைத் தண்டு. புண்ணுக்குள் கோல் விட்டுத் தேடிப் பழகப் புழு அரித்த மரம். கட்டுப் போடப் பழக மனித உருவில் செய்த பொம்மை. இந்தத் தேர்வைக் கவனியுங்கள். பூசணி மனித உடலைப் போல இல்லை. ஆனால் கத்தி தோலைக் கடந்து சதைக்குள் இறங்கும்போது கைக்கு ஏற்படும் அந்த ஒரு உணர்வு அதில் இருக்கிறது. ஒவ்வொரு பொருளும் ஒரே ஒரு குணத்துக்காகப் பொறுக்கி எடுக்கப்பட்டிருக்கிறது.

சிமுலேஷன் பற்றி நான் சொல்ல விரும்புவதெல்லாம் இந்தப் பட்டியலிலேயே அடங்கியிருப்பதாக நினைக்கிறேன். பயிற்சிக் கருவி எவ்வளவு நிஜம்போல இருக்கிறது என்று கேட்பது தவறான கேள்வி. அதில் எந்தப் பகுதி நிஜமாக இருக்கிறது என்பதுதான் கேட்க வேண்டியது.

18ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் ஆஞ்செலிக் து கூத்ரே என்ற மருத்துவச்சி இந்தக் கேள்விக்குத் துணியாலும் பஞ்சாலும் பதில் சொன்னார். பாரிஸில் தொழில் கற்றவர். பின்பு ஓவெர்ஞ் பகுதிக்குப் போய்க் கிராமத்துப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கக் கற்பித்தார். அவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. புத்தகத்தை வைத்துக்கொண்டு அவர்களுக்கு என்ன சொல்லித்தர முடியும்? அவர் ஒரு 'எந்திரம்' செய்தார். அப்படித்தான் அதை அவர் அழைத்தார். துணி, தோல், பஞ்சு கொண்டு தைத்த, பிரசவத்துக்குப் படுத்திருக்கும் ஒரு பெண்ணின் இடுப்பும் வயிறும் தொடையும். உள்ளே ஒரு துணிக் குழந்தை. பிறப்புப் பாதை எப்படி விரியும் என்று காட்ட வார்களும் கயிறுகளும் இருந்தன. குழந்தையின் வாய் திறந்திருக்கும், உள்ளே நாக்கும் இருக்கும். அது அழகுக்காக வைத்ததில்லை. குழந்தை கால் முதலில் வரும் பிரசவத்தில் தலையை எடுக்க வாய்க்குள் விரல் விட வேண்டியிருக்கும்; அந்த விரல் பழக வேண்டும் என்பதற்காக வைத்தது.

1759-இல் பதினைந்தாம் லூயி மன்னர் அவருக்கு நாடு முழுவதும் சென்று கற்பிக்க ஆணை கொடுத்தார். அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்குக் கிட்டத்தட்ட ஓயாமல் ஊர் ஊராகப் போனார். ஆயிரக்கணக்கான பெண்கள் அந்தத் துணி வயிற்றில் கைவிட்டுப் பிரசவம் பார்க்கக் கற்றார்கள். அந்தப் பொம்மைகளில் ஒன்று இன்றும் ரூவான் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது உள்ளே நிஜமான மனித இடுப்பெலும்பு இருப்பது தெரிந்தது. தோல் துணியாக இருக்கலாம், சதை பஞ்சாக இருக்கலாம். குழந்தை எந்த இடைவெளிக்குள் நுழைந்து திரும்பி வர வேண்டுமோ அந்த எலும்பு மட்டும் பொய்யாக இருக்கக் கூடாது என்று அவர் முடிவு செய்திருக்கிறார். அந்த முடிவு எனக்கு மிகப் பெரியதாகத் தெரிகிறது.

இருநூற்று ஐம்பது ஆண்டுகள் கழித்து இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், சவுத்மீட் மருத்துவமனையின் குழு அதே பிரச்சினையைக் கையில் எடுத்தது. தோள் மாட்டிக்கொள்ளும்போது செய்ய வேண்டியவை பாடப் புத்தகத்தில் தெளிவாகவே இருந்தன. முதலில் உதவிக்குக் கூப்பிட வேண்டும். தாயின் இரு தொடைகளையும் வயிற்றோடு சேர்த்து நன்றாக மடக்க வேண்டும். இடுப்பின் கோணம் மாறி, பல நேரம் இது ஒன்றிலேயே தோள் விடுபட்டுவிடும். அதற்கும் மசியாவிட்டால் அடிவயிற்றில், இடுப்பெலும்புக்குச் சற்று மேலே கை வைத்துத் தோளை ஒருபக்கமாகத் தள்ள வேண்டும். மேல்வயிற்றை அமுக்கவே கூடாது. அது தோளை இன்னும் இறுக்கமாக முட்டவைக்கும். இதுவும் பலிக்காவிட்டால், இறுக்கமான வளையல் போடும்போது கையைக் குவிப்பதுபோல விரல்களைக் குவித்துப் பின்பக்கமாக உள்ளே விட்டு, குழந்தையின் பின்கையைப் பிடித்து வெளியே எடுக்க வேண்டும்.

எழுத்துத் தேர்வில் இதை எழுதச் சொன்னால் எழுதிவிடுவார்கள். கையால் செய்யச் சொன்னால்? பயிற்சிக்கு முன்பு பொம்மையில் செய்து காட்டச் சொன்னபோது 140 பேரில் 60 பேரால்தான் குழந்தையை வெளியே எடுக்க முடிந்தது. இவர்கள் மாணவர்கள் இல்லை, பணியில் இருந்த மருத்துவர்களும் மருத்துவச்சிகளும். பயிற்சிக்குப் பிறகு 132 பேரில் 110 பேர் எடுத்தார்கள். தெரிந்திருப்பதற்கும் செய்ய வருவதற்கும் நடுவே உள்ள பள்ளத்தை இந்த எண்கள் காட்டுகின்றன.

ஆனால் பொம்மையில் தேறினால் போதுமா? பிரசவ அறையில் என்ன நடந்தது என்பதல்லவா கேள்வி? 2008-இல் அவர்கள் வெளியிட்ட கணக்கு அதைத்தான் சொன்னது. தோள் மாட்டிக்கொண்ட பிரசவங்களில் குழந்தைக்குக் காயம் ஏற்பட்டது பயிற்சிக்கு முன்பு 9.3 சதவீதம், பயிற்சி தொடங்கிய பிறகு 2.3 சதவீதம். பயிற்சியை ஆண்டுதோறும் விடாமல் நடத்தினார்கள். பன்னிரண்டு ஆண்டு முடிவில் திரும்பிப் பார்த்தபோது, அதன் கடைசி ஆண்டுகளில் நிரந்தரமாகக் கை செயலிழந்த குழந்தை ஒன்றுகூட இல்லை. கல்வி முறை ஒன்றின் பலனை இவ்வளவு நேரடியாக, குழந்தைகளின் கைகளில் எண்ணிப் பார்க்க முடிவது அபூர்வம்.

பிரிஸ்டல் குழுவின் அந்த 140 பேர் சோதனையில் கிடைத்த இன்னொரு முடிவுதான் நம் கேள்விக்கு நெருக்கமானது. ஒரு பிரிவினர் சாதாரணப் பொம்மையில் பழகினார்கள். இன்னொரு பிரிவினருக்குத் தலையை எவ்வளவு விசையோடு இழுக்கிறோம் என்று அளந்து காட்டும் பொம்மை. இரண்டாவது பிரிவில் 94 சதவீதம் பேர் வெற்றிகரமாகப் பிரசவம் பார்த்தார்கள். முதல் பிரிவில் 72. இழுத்த விசையும் இரண்டாவது பிரிவில் குறைவு. அப்படியானால் விலையுயர்ந்த பொம்மைதான் நல்ல பொம்மையா?

அவசரப்பட வேண்டாம். கனடாவின் டொராண்டோவில் 2002-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இருக்கிறது. சிறுநீர்க்குழாய்க்குள் மெல்லிய குழாய்க் கருவியை நுழைத்துக் கல் எடுக்கும் சிகிச்சையை நாற்பது மருத்துவ மாணவர்களுக்குக் கற்பித்தார்கள். சிலர் பழகியது 3,700 டாலர் விலையுள்ள, பார்ப்பதற்கு உடல் உறுப்பு மாதிரியே இருக்கும் கருவியில். சிலர் பழகியது ஒரு கோப்பை, உறிஞ்சு குழாய், ரப்பர் குழாய் இவற்றை வைத்துச் செய்த 20 டாலர் அமைப்பில். வெறும் விரிவுரை கேட்டவர்களைவிட இரு பிரிவினருமே தெளிவாக மேலாகச் செய்தார்கள். அந்த இரு பிரிவினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவும் இல்லை.

அதே ஆண்டு யேல் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வு இன்னும் வியப்பானது. பித்தப்பையை லேப்ராஸ்கோப்பி முறையில் அகற்றக் கற்கும் பதினாறு இளம் அறுவை மருத்துவர்களில் பாதிப் பேருக்குக் கணினித் திரையில் கூடுதல் பயிற்சி கொடுத்தார்கள். திரையில் பித்தப்பை இல்லை, கல்லீரல் இல்லை, இரத்தம் இல்லை. உருண்டைகளும் பெட்டிகளும் மட்டுமே. உருண்டையைக் கருவியால் பிடி, அந்தக் கையிலிருந்து இந்தக் கைக்கு மாற்று, சொன்ன இடத்தை மட்டும் சுடு. அவ்வளவுதான். பிறகு எல்லாரும் நிஜ நோயாளிகளிடம் அறுவை செய்ததைப் படம் பிடித்து, யார் எந்தப் பிரிவு என்று தெரியாத மருத்துவர்களிடம் மதிப்பிடக் கொடுத்தார்கள். உருண்டை விளையாடியவர்கள் 29 சதவீதம் வேகமாக முடித்திருந்தார்கள். விளையாடாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்துவதற்கோ வேறு இடத்தைச் சுட்டுவிடுவதற்கோ ஐந்து மடங்கு அதிக வாய்ப்பு இருந்தது.

லேப்ராஸ்கோப்பியில் கடினமானது எது? பித்தப்பை எங்கே இருக்கிறது என்பது புதிதாகச் சேர்ந்தவருக்கும் தெரியும். வயிற்றில் போட்ட துளையே நெம்புகோலின் ஆதாரப் புள்ளியாகிவிடுவதால், கையை வலப்பக்கம் அசைத்தால் கருவியின் நுனி இடப்பக்கம் போகிறது. ஆழமுள்ள இடத்தைத் தட்டையான திரையில் பார்த்து வேலை செய்ய வேண்டியிருக்கிறது. மூளை பழக வேண்டியது இந்தத் தலைகீழ்க் கணக்குக்கு. அந்தக் கணக்கு உருண்டைகளிலும் அப்படியே இருந்தது. தோள் மாட்டிக்கொள்ளும் பிரசவத்தில் பழக வேண்டியது வேறு: எவ்வளவு இழுக்கக் கூடாது என்பது. அதைச் சொல்லும் உணர்கருவி இருந்ததால் அந்தப் பொம்மை உயர்ந்தது. விலை இரண்டிலும் பக்க விஷயம்தான். டொராண்டோவும் பிரிஸ்டலும் ஒன்றுக்கொன்று முரண்படுவதாக நான் நினைக்கவில்லை.

சில சமயம் நிஜத்தில் இல்லாததைக் காட்டுவதே பாடமாகிவிடும். இயற்பியலில் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய 'ஃபெட்' என்ற இலவச சிமுலேஷன் தொகுப்பு ஆசிரியர்கள் பலருக்குப் பழக்கமானது, தமிழிலும் கிடைக்கிறது. அதில் மின்சுற்று ஒன்றைத் திரையில் கட்டலாம். மின்கலம், கம்பி, விளக்கு. கம்பிக்குள் எலெக்ட்ரான்கள் சின்னச் சின்ன உருண்டைகளாக நகர்வது தெரியும். நிஜக் கம்பியில் இதை யாரும் பார்க்க முடியாது. 2005-இல் வெளியான ஆய்வில், ஒரு வகுப்பு மாணவர்களில் சிலர் நிஜ விளக்கும் கம்பியும் வைத்துப் பரிசோதனை செய்தார்கள். சிலர் இந்தத் திரையில் செய்தார்கள். பிறகு எல்லாரிடமும் நிஜக் கருவிகளைக் கொடுத்து ஒரு சுற்றைக் கட்டி விளக்கச் சொன்னபோது, திரையில் பழகியவர்கள் குறைந்த நேரத்தில் கட்டினார்கள், நன்றாகவும் விளக்கினார்கள். தேர்வில் மின்சுற்றுக் கேள்விகளிலும் அவர்களே முன்னே இருந்தார்கள். கழன்ற கம்பியோடும் தேய்ந்த மின்கலத்தோடும் மல்லுக்கட்டுவதில் போகும் நேரம் அவர்களுக்கு மிச்சம். அந்த நேரத்தில் மின்னோட்டம் சுற்றில் எங்கும் தீர்ந்துபோவதில்லை என்பதைக் கண்ணால் பார்த்தார்கள். பள்ளி ஆய்வகத்தை மூடிவிடலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. கம்பி கழன்றதைக் கண்டுபிடிப்பதே பாடமாக இருக்கும் நாளில் நிஜக் கம்பிதான் வேண்டும்.

இதுவரை சொன்னவை நல்ல செய்திகள். சிமுலேஷனை நேசிக்கிறவர்கள் தவறாமல் தெரிந்துகொள்ள வேண்டிய கெட்ட செய்தி விமானத் துறையிலிருந்து வருகிறது. இத்தனைக்கும் சிமுலேட்டரில் உலகுக்கே முன்னோடி அந்தத் துறைதான். அமெரிக்காவின் பிங்காம்டன் ஊரில் ஆர்கன், பியானோ செய்துவந்த குடும்பத்தைச் சேர்ந்த எட்வின் லிங்க், ஆர்கனுக்குக் காற்று ஊதும் துருத்திகளை வைத்தே 1920-களின் இறுதியில் அசைந்தாடும் ஒரு பயிற்சி விமானத்தைச் செய்தார். ஆரம்பத்தில் அது பொழுதுபோக்குப் பூங்காக்களில்தான் விலைபோனது. 1934-இல் தபால் கொண்டுபோகும் பொறுப்பு இராணுவ விமானிகள் தலையில் விழ, மேகத்திலும் பனியிலும் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டத் தெரியாமல் பலர் மாண்டார்கள். அதன் பிறகே இராணுவம் லிங்க்கின் பெட்டியை வாங்கியது. இரண்டாம் உலகப் போரில் லட்சக்கணக்கான விமானிகள் அதில் பழகினார்கள்.

2001 நவம்பர் 12 அன்று நியூயார்க்கிலிருந்து சாண்டோ டொமிங்கோவுக்குக் கிளம்பிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 587, சில நிமிடங்களிலேயே குடியிருப்புப் பகுதியில் விழுந்தது. விமானத்தில் இருந்த 260 பேரும் தரையில் 5 பேரும் இறந்தார்கள். முன்னால் போன பெரிய விமானம் விட்டுச்சென்ற காற்றுச் சுழலில் இது சற்று ஆடியது. ஆபத்தில்லாத ஆட்டம்தான். ஓட்டிக்கொண்டிருந்த துணை விமானி சுக்கானின் மிதியை வலமும் இடமுமாக மாறி மாறி முழு வேகத்தில் மிதித்தார். தாங்க வேண்டிய அளவுக்கு மேல் விசை ஏறி, வாலின் செங்குத்துப் பகுதி முறிந்து விழுந்தது.

அவர் ஏன் அப்படி மிதித்தார்? விசாரணை நடத்திய அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2004-இல் கூறிய காரணங்களில், அந்த மாடல் விமானத்தின் சுக்கான் அமைப்பு மிகக் கூர்மையாக எதிர்வினை செய்யும் விதத்தில் வடிவமைக்கப்பட்டிருந்தது ஒன்று. இன்னொன்று பயிற்சி. கவிழப்போகும் விமானத்தை மீட்பது எப்படி என்று அந்த நிறுவனம் சிமுலேட்டரில் கற்பித்தது. நல்ல நோக்கம். ஆனால் காற்றுச் சுழலில் சிக்கியதாகச் சொல்லப்பட்ட ஒரு பயிற்சியில், சிமுலேட்டர் பெருமளவு சாயும்வரை விமானியின் கட்டுப்பாடுகளுக்கு அது கீழ்ப்படியாதபடி செய்து வைத்திருந்தார்கள். பெரிய சாய்வை விமானி அனுபவிக்க வேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. விளைவு, கைப்பிடியைத் திருப்பினால் ஒன்றும் நடக்காது, காற்றுச் சுழல் என்றால் கவிழப்போகிறோம், பலமாக எதையாவது செய்தாக வேண்டும் என்று உடம்பு கற்றுக்கொள்ள இடமிருந்தது. நிஜ விமானத்தில் இதில் எதுவும் உண்மையில்லை.

ஜன்னல் காட்சி, இருக்கையின் அதிர்வு, பொத்தான்கள் எல்லாம் நிஜம்போலவே இருந்த பெட்டி அது. கற்பிக்க வந்த அந்த ஒன்றில் மட்டும் பொய் இருந்தது. சுற்றியுள்ள எல்லாம் நிஜமாக இருந்ததாலேயே அந்தப் பொய்யும் நம்பப்பட்டிருக்கும் என்று தோன்றுகிறது. சிமுலேஷன் நாம் கற்பிக்க நினைத்ததைக் கற்பிப்பதில்லை. அதற்குள் என்ன இருக்கிறதோ அதைத்தான் கற்பிக்கும். பிரசவ வார்டிலும் இது பொருந்தும். இதயத் துடிப்பு நின்ற பொம்மைக்கு ஊசி மருந்தை 'போட்டாச்சு' என்று வாயால் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போகிறவர், மருந்து அலமாரியைத் திறந்து, குப்பியை உடைத்து, ஊசியில் ஏற்றிப் போட எத்தனை நேரம் ஆகும் என்பதைக் கற்பதில்லை. மருந்து ஒரு நொடியில் உள்ளே போய்விடும் என்று கற்கிறார்.

பொம்மை, திரை, பெட்டி எல்லாவற்றையும் தாண்டி, கற்றல் நடக்கும் இடம் இன்னொன்று உண்டு. பயிற்சி முடிந்ததும் எல்லாரும் உட்கார்ந்து பேசுவது. டீப்ரீஃபிங் என்பார்கள். டொராண்டோவில் 42 மயக்க மருந்துப் பயிற்சி மருத்துவர்களை மூன்றாகப் பிரித்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். எல்லாரும் ஒரு நெருக்கடியைப் பொம்மையில் சமாளித்தார்கள். ஒரு பிரிவினரிடம் எதுவும் பேசவில்லை. இன்னொரு பிரிவினரோடு பயிற்சியாளர் உட்கார்ந்து பேசினார். மூன்றாவது பிரிவினரோடு வீடியோவைப் போட்டுக் காட்டிப் பேசினார். மறுபடி ஒரு நெருக்கடியைக் கொடுத்தபோது, பேசப்பட்ட இரு பிரிவினரும் முன்னேறியிருந்தார்கள். யாரும் பேசாத பிரிவினர் முன்னேறவே இல்லை. அனுபவம் மட்டும் போதுமென்றால் அவர்களும் முன்னேறியிருக்க வேண்டுமே. வீடியோ இருந்ததாலும் கூடுதல் பலன் இல்லை. வேண்டியிருந்தது ஒரு மனிதரும் கொஞ்சம் நேரமும்தான்.

எப்படிப் பேசுவது என்பதில் பாஸ்டன் நகரின் மருத்துவ சிமுலேஷன் மையத்தைச் சேர்ந்த ஜென்னி ருடால்ஃபும் குழுவினரும் சொன்னது எனக்கு மிகவும் பிடிக்கும். தவறைக் கண்டால் நமக்குத் தெரிந்த வழிகள் இரண்டு. ஒன்று, போட்டு வறுத்தெடுப்பது. இல்லையென்றால் மனம் நோகாமல் மழுப்பிவிடுவது. அவர்கள் மூன்றாவது வழி சொல்கிறார்கள். பார்த்ததைச் சொல், அது ஏன் உனக்குக் கவலை தந்தது என்று சொல், பிறகு உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆர்வத்தோடு கேள்: "தலை வந்த பிறகு ஒன்றரை நிமிடம் நீங்களே முயன்றீர்கள், யாரையும் கூப்பிடவில்லை. நேரம் போகிறதே என்று எனக்குப் பதறியது. அப்போது உங்கள் மனதில் என்ன ஓடிக்கொண்டிருந்தது?" பதில் ஆச்சரியமாக வரும். "டாக்டரைக் கூப்பிட்டால் இதுகூடத் தெரியாதா என்று திட்டுவார் மேடம்" என்று ஒரு செவிலியர் சொன்னால், சரிசெய்ய வேண்டியது அவருடைய கையை இல்லை, அந்த வார்டின் பழக்கத்தை என்று புரிந்துவிடும். அந்தப் பதில் வெளியே வர வேண்டுமானால், இங்கே சொல்வது வெளியே போகாது, மதிப்பெண்ணில் சேராது என்ற நம்பிக்கை அந்த அறையில் இருக்க வேண்டும். நம் ஊர் வகுப்பறைகளில் ஆசிரியர் முன்னால் "எனக்குத் தெரியவில்லை" என்று சொல்வதே எவ்வளவு கடினம் என்று நமக்குத் தெரியும். பொம்மை வாங்குவதைவிட இந்த நம்பிக்கையை உண்டாக்குவது அதிக உழைப்பைக் கேட்கும்.

பயிற்சியை ஒரு நாள் நடத்திச் சான்றிதழ் கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தான்சானியாவின் ஹைடோம் மருத்துவமனை சாட்சி. பிறந்ததும் அழாத, மூச்சுவிடாத குழந்தைக்கு முதல் நிமிடத்திலேயே முகமூடியும் பையும் வைத்துக் காற்றுக் கொடுக்க வேண்டும். இதற்கென நார்வே நாட்டு லேர்டல் நிறுவனம் நியோநாட்டலி என்ற எளிய பொம்மையைச் செய்தது. தண்ணீர் நிரப்பினால் கைக்குழந்தையின் எடையும் தொய்வும் வந்துவிடும். பையை அமுக்கினால் மார்பு ஏறி இறங்கும், முகமூடி சரியாகப் பொருந்தியிருந்தால் மட்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2010-இல் தொடங்கிய 'ஹெல்பிங் பேபீஸ் ப்ரீத்' என்ற திட்டத்தின் கருவி இதுதான். ஹைடோமில் ஒரு நாள் பயிற்சி நடந்தது. ஏழு மாதம் கழித்தும் பொம்மையில் பெரும்பாலோர் நன்றாகச் செய்தார்கள். பிரசவ அறையில் நிஜக் குழந்தைகளிடம் அவர்கள் செய்த விதத்தில் மாற்றமே இல்லை.

அங்கிருந்தவர்கள் அதைக் கண்டு பயிற்சியைக் கைவிடவில்லை, முறையை மாற்றினார்கள். பொம்மையையும் பையையும் பிரசவ அறைக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்தார்கள். வாரத்துக்கு ஒருமுறை, வேலைக்கு நடுவிலேயே மூன்று முதல் ஐந்து நிமிடம் பழகுவது. அவ்வளவுதான். பிறந்த 24 மணி நேரத்துக்குள் இறக்கும் குழந்தைகள் ஆயிரத்துக்கு 11.1 என்றிருந்தது 7.2 ஆகக் குறைந்ததாக 2015-இல் பதிவு செய்தார்கள். பயிற்சி, வேலை நடக்கும் இடத்துக்கே வந்தால் மூச்சுப் பை எந்த இழுப்பறையில் இருக்கிறது, அதன் வால்வு கிழிந்திருக்கிறதா என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடும். இந்தத் தகவல் எந்தச் சிமுலேஷன் மையத்திலும் கிடைக்காது.

இந்தியாவில் இதெல்லாம் இப்போது சட்டப்படியே நுழைந்திருக்கிறது. 2019-இல் வந்த புதிய எம்பிபிஎஸ் பாடத்திட்டம் ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியிலும் திறன் ஆய்வகம் இருக்க வேண்டும் என்கிறது. பிறந்த குழந்தைக்கு மூச்சுக் கொடுக்கும் தேசியப் பயிற்சித் திட்டமும் 2009 முதலே பொம்மை வைத்துத்தான் நடக்கிறது. செவிலியர் கல்வியில் இன்னொரு வாதம் வலுக்கிறது: மருத்துவமனைப் பயிற்சி நேரத்தில் பாதியைச் சிமுலேஷனால் ஈடுகட்டலாமே என்று. அமெரிக்காவில் பத்து செவிலியர் கல்லூரிகளில் நடந்து 2014-இல் வெளியான பெரிய ஆய்வு, பாதி நேரம்வரை மாற்றினாலும் மாணவர்களின் அறிவிலும் திறனிலும் வேறுபாடு தெரியவில்லை என்றது. இதைக் காட்டுகிறவர்கள் அந்த ஆய்வின் நிபந்தனைகளையும் சேர்த்துக் காட்ட வேண்டும். அங்கே கற்பித்தவர்கள் சிமுலேஷன் நடத்தவே தனியாகப் பயிற்சி பெற்றவர்கள். ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் முறையான உரையாடல் நடந்தது. அவை இல்லாமல் மருத்துவமனை நேரத்தைக் குறைத்தால் நாம் அந்த ஆய்வைப் பின்பற்றவில்லை, பாடத்தைக் குறைத்திருக்கிறோம்.

பொம்மையால் முடியாதவையும் உண்டு. வலியில் துடிக்கும் பெண்ணின் கை நம் கையை இறுக்குவது பொம்மையில் வராது. வெளியே நின்று கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும் மாமியாரும் அதில் இல்லை. இவற்றைக் கற்க மனிதர்தான் வேண்டும். ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் 1960-களின் தொடக்கத்திலேயே லாஸ் ஏஞ்சலிஸில் இதற்கு வழி கண்டார்: நலமாக உள்ள ஒருவருக்கு நோயாளியாக நடிக்கக் கற்றுக்கொடுத்து, மாணவர் அவரைப் பரிசோதித்து முடித்ததும் எப்படி நடத்தினார் என்று அவரையே சொல்லவைப்பது. லேர்டல் நிறுவனத்தின் மாமாநாட்டலி இந்த இரண்டையும் இணைக்கிறது. பயிற்சியாளர் தன் வயிற்றில் பொம்மை வயிற்றைக் கட்டிக்கொண்டு தானே தாயாகிறார். கத்துகிறார், "என் பிள்ளைக்கு என்னாச்சு" என்று கேட்கிறார், மறைவாக இரத்தப் பையைத் திறந்து இரத்தப்போக்கைக் கூட்டுகிறார். மாணவர் கையால் கருப்பையைத் தேய்த்துக்கொண்டே வாயால் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும். இங்கே இடுப்பெலும்பு பிளாஸ்டிக். நிஜம் அந்தக் குரல்.

ஆகவே ஒரு கல்லூரியோ மாவட்ட மருத்துவமனையோ பயிற்சிக் கருவி வாங்க உட்காரும்போது, விற்பனையாளர் கண் சிமிட்டும், வியர்க்கும், நீலம் பாரிக்கும் பொம்மையைக் காட்டுவார். அதைப் பார்த்து மயங்குவதற்கு முன் தங்கள் வார்டில் கடந்த ஆண்டு எங்கே தடுக்கியது என்ற பதிவேட்டை எடுத்து வைத்துக்கொள்ளலாம். இரத்தப்போக்கைக் கண்டுகொள்ளத் தாமதமா, மகப்பேறு வலிப்புக்கு மெக்னீசியம் சல்பேட் போடுவதில் தாமதமா, கூப்பிடத் தயக்கமா? முதலாவதற்கு இரத்தத்தை அளந்து பார்க்கப் பழகச் சிவப்புச் சாயம் கலந்த தண்ணீரும் துணியும் போதும். இரண்டாவதற்கு வார்டின் சொந்த மருந்து அலமாரியும் ஒரு கடிகாரமும் வேண்டும். மூன்றாவதற்கு எந்தக் கடையிலும் கருவி இல்லை. மூத்த டாக்டர் தானும் அந்தப் பயிற்சியில் சேர்ந்து, எல்லார் முன்னாலும் தன் தடுமாற்றத்தைப் பற்றிப் பேச வேண்டும். பொம்மையை வாங்கினால் அதன் சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் அன்றைக்கே முடிவு செய்துவிடலாம். இரவு ஷிஃப்ட்டில் வரும் செவிலியர் கேட்காமலே எடுத்துப் பழகும் இடத்தில் அது இருக்கட்டும்.